சின்ன விசயத்துக்கும் எழுப்பட்டும்

கேள்வி:

மதிப்புக்குரிய மடம்,

வன்னியில் ஒரு வைத்தியசாலையில் மகப்பேற்று நிபுணராகப் பொறுப்பேற்று ஒரு வருடம் ஆகப்போகிறது. இங்கே நான் ஒருவன்தான் நிபுணர். போன மாதம் ஒரு தாயை இழந்தோம். மூன்றாவது பிள்ளை, சுகப்பிரசவம், குழந்தை நலம். நஞ்சுக்கொடியும் முழுதாக வந்தது. பிறகு கருப்பை இறுகாமல் இரத்தம் போகத் தொடங்கியது. நாற்பதாவது நிமிடத்தில் நாடி 112, அழுத்தம் 100/60, இரத்தப்போக்கு மில்லிலீற்றரில் "சுமார் 400" என்று பதிவாகியிருக்கிறது. கடமையில் இருந்த வைத்திய அதிகாரி என்னை அழைத்தபோது பிரசவம் முடிந்து எண்பது நிமிடம். அதற்குள் இரண்டாவது ஊசி போட்டு, கருப்பையைத் தேய்த்து, இன்னொரு கனுலா ஏற்றி, இரத்தத்துக்கும் அனுப்பியிருந்தார். தியேட்டரில் கருப்பையை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை.

அன்று காலை விடுதியில் எல்லோரும் நிற்க, "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று அவரைக் கேட்டுவிட்டேன். அவர் தென்பகுதியைச் சேர்ந்தவர், தமிழ் இன்னும் சரியாக வராது. இப்போது தேவைக்கு மட்டும் பேசுகிறார். வெளிநாட்டுப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதாகக் கேள்வி. மற்ற வைத்திய அதிகாரி இடமாற்றம் கேட்கிறார். உறவினர்கள் முகநூலில் "பாஷை தெரியாத டொக்டர்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் வந்த புதிதில் சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் இரவில் அழைப்பார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இவர்களுக்குத் தன்னம்பிக்கை வரச் செய்திருந்தேன். அதற்குப் பிறகு இப்படி நடந்திருக்கிறது. அடுத்த கிழமை மீளாய்வுக் கூட்டம். கண்டிப்பாக இருந்தால் இந்த இளம் வைத்தியப் பிள்ளைகள் உடைந்து போகிறார்கள். மென்மையாக இருந்தால் தாய்மார் போய்விடுவார்கள். நான் எப்படி இருக்க வேண்டும்?

— ஒரு மகப்பேற்று நிபுணர், வன்னி

பதில்:

அன்புள்ள தம்பி,

கண்டிப்பா மென்மையா என்பது கடைசியில் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: இரவு அழைப்புகளைக் குறைத்தேன் என்பது. என் கணக்கில் அந்த எண்பது நிமிடத்தின் பெரும்பகுதி அந்த வரிக்குள்தான் கிடக்கிறது.

எப்படிக் குறைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை, எங்கள் தொழிலில் அதற்கு இருக்கிற வழிகள் எல்லோருக்கும் தெரியும். "இதுக்கும் கோல் எடுக்கிறதா?" என்று ஒருமுறை கேட்டால் போதும். போனில் ஒரு பெருமூச்சு விட்டாலும் போதும். காலையில் ரவுண்டில் "ராத்திரி எங்கட டொக்டர் பயந்திட்டா" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் இன்னும் விரைவாக வேலை செய்யும். நீங்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பகல் முழுக்கக் கிளினிக், தியேட்டர், இரவில் மூன்று தரம் எழும்பினால் எந்த மனிதனுக்கும் குரல் மாறும். ஆனால் அந்தக் குரல் மாற்றத்தை விடுதி முழுக்கக் குறித்து வைத்துக்கொள்ளும். மருத்துவமாது கடமை மாறும்போது அடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்: "சேர் இண்டைக்கு மூட் சரியில்லை, பார்த்து எடுங்கோ."

இதை வைத்துக்கொண்டு அந்த இரவைப் பாருங்கள். அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊசி, தேய்ப்பு, கனுலா, இரத்தம் எல்லாம் செய்திருக்கிறார். செய்யாதது உங்களை அழைத்தது ஒன்றுதான். அறிவு குறைந்தவர் செய்கிற பிழை இப்படி இருக்காது. அவருக்கு முதலிலேயே வேலை தடுமாறும். இவர் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, "இன்னும் ஒண்டு போட்டுப் பார்ப்பம், நிண்டிட்டால் சேரை எழுப்பத் தேவையில்லை" என்று ஒவ்வொரு படியிலும் உங்கள் நித்திரையைக் கணக்கில் எடுத்திருக்கிறார். உங்களை அழைப்பதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தத் தாயின் இரத்தம் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே என் பதிலின் சாரம் இதுதான்: உங்களை அழைப்பதை உங்கள் விடுதியில் மிக மலிவான காரியமாக்குங்கள். தரம் என்று நீங்கள் தேடுவதும், உங்கள் வைத்தியர்களைத் தாங்குவது என்று நீங்கள் தேடுவதும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு நல்ல மனது மட்டும் போதாது. "எப்பவும் கோல் பண்ணுங்கோ" என்று எல்லா நிபுணர்களும் சொல்கிறார்கள். யாரும் நம்புவதில்லை. அழைப்பதா வேண்டாமா என்ற தீர்மானத்தை இளையவர்களின் தைரியத்திடமிருந்து எடுத்து, சுவரில் ஒட்டிய எண்களிடம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் கதையிலேயே அந்த எண் இருக்கிறது. நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள்: 112 கீழ் 100, ஒன்றுக்கு மேலே போகிறது. பிரசவித்த தாய்க்கு அது 0.9ஐத் தொட்டாலே அபாயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நாற்பதாவது நிமிடத்தில் அந்தத் தாயின் உடம்பு கத்திச் சொல்லியிருக்கிறது. பதிவேட்டில் "சுமார் 400" என்று எழுதியிருந்ததாலும், அழுத்தம் நூறில் நின்றதாலும் அது கேட்கவில்லை.

கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது. அதனால் ஒரு லீற்றருக்கு மேலே போகும்வரைகூட அழுத்தம் பிடித்துக்கொண்டு நிற்கும். நாடிதான் முதலில் ஓடும். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் இரத்தம் போகிறது. அது இறுகாமல் திறந்து கிடந்தால் நேரம் எப்படிக் கரையும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பக்கத்துத் தாய்மாரில் பலர் நாற்பத்தைந்து கிலோவும் ஒன்பது எச்.பி.யும் (ஹீமோகுளோபின்) கொண்டு வருபவர்கள். புத்தகத்திலுள்ள 500 மில்லிலீற்றர் எழுபது கிலோப் பெண்ணுக்கும் இவர்களுக்கும் ஒன்றல்ல.

கண்ணால் பார்த்து இரத்தத்தை மதிப்பிடுவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த பொய். அதிகமாகப் போகப் போக நாங்கள் குறைவாக மதிப்பிடுகிறோம். 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வை நீங்கள் வாசித்திருப்பீர்கள். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளில் 80 வைத்தியசாலைகள், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். பிரசவித்த உடனே தாயின் கீழ் அளவுக்கோடு போட்ட விரிப்பைப் பொருத்தினார்கள். குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் கருப்பைத் தேய்ப்பு, கருப்பையை இறுக்கும் ஒக்சிரோசின், இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் ரனெக்சாமிக் அசிட், சேலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் இரத்தப்போக்கு, வயிற்றைத் திறக்க நேர்வது, இரத்தப்போக்கினால் மரணம் ஆகியவை சேர்ந்த கணக்கு 60 வீதம் குறைந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு எண்: வழமையான முறையில் நடந்த இடங்களில் இரத்தப்பெருக்கு நடந்த தாய்மாரில் கிட்டத்தட்டப் பாதிப்பேரைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். விரிப்பு இருந்த இடங்களில் 93 வீதம். எங்கள் பதிவேடுகளில் உள்ள "சுமார் 400"களில் எத்தனை உண்மையில் எண்ணூறு என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

விரிப்பு களஞ்சியத்தில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். துணிகளையும் பஞ்சுகளையும் தராசில் போடச் சொல்லுங்கள், ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர். ஒரு பிளாஸ்ரிக் விரிப்பும் அளவுச் சாடியும் எந்த வைத்தியசாலையிலும் கிடைக்கும். பிறகு சுவரில் எழுதுங்கள்: அளந்து 500 ஆனால் அழைப்பு. 300இலேயே நாடியோ அழுத்தமோ பிசகினால் அழைப்பு. நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்த சுட்டி 0.9ஐத் தொட்டால் அழைப்பு. இரண்டாவது மருந்துக்குக் கை போனால் அழைப்பு. இதை மருத்துவமாதுவும் நேரடியாகச் செய்யலாம், வைத்திய அதிகாரியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. அழைப்பவர் "சொறி சேர், நித்திரையோ?" என்று தொடங்கக்கூடாது, கட்டில் இலக்கம், எவ்வளவு இரத்தம், நாடி, அழுத்தம், "வாங்கோ". எண் அழைக்கச் சொன்னதென்றால் அதில் யாருக்கும் வெட்கமில்லை. இந்த எண்களுக்குக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் சோதனை. முதல் மாதத்தில் தேவையில்லாத அழைப்புகள் நிறைய வரும். நீங்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ எடுத்துக்கொண்டு ஓடிப்போனால் கருப்பை கல்லுப்போல இறுகியிருக்கும், தாய் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பா. அந்த நேரம் உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதுதான் உங்கள் தலைமைத்துவம் முழுவதும். அங்கே நின்று, "அழைத்தது சரி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அன்றைக்குத்தான் அழைப்பின் விலை இறங்கும். சுவரொட்டி ஒட்டிய நாளில் இறங்காது.

தன்னம்பிக்கை வளர்ப்பதற்காக அழைப்பைக் குறைத்ததாகச் சொல்கிறீர்கள். தன்னம்பிக்கை நீங்கள் பக்கத்தில் நிற்க, அவர்கள் கையால் செய்யும்போது வளர்கிறது. ஆள் வராமல் விட்டால் வளர்வது, பயத்தை மறைக்கும் பழக்கம். பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் பிரசவ அறையின் எல்லாத் தரத்தினரையும் ஒன்றாக வைத்து அவசர நிலைகளை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். மூச்சுத்திணறலால் மூளை பாதிக்கப்படும் குழந்தைகளின் தொகை ஏறத்தாழ அரைவாசியாக இறங்கியது. அதற்கு மண்டபமும் புரொஜெக்டரும் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு உங்கள் பிரசவ அறையிலேயே, அன்று கடமையில் இருப்பவர்களை வைத்துச் செய்யுங்கள். ஆணுறையும் கதீற்றரும் கொண்டு கருப்பைக்குள் பலூன் வைக்கும் முறையை டாக்காவில் டொக்டர் சயேபா அக்தர் காட்டிக் கொடுத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. உங்கள் விடுதியில் அதற்கான பொருட்கள் ஒரு பெட்டிக்குள் ஒன்றாக இருக்கின்றனவா, இரவு இரண்டு மணிக்கு அந்தப் பெட்டி எங்கே என்று சிற்றூழியருக்கும் தெரியுமா என்று பாருங்கள். ரனெக்சாமிக் அசிட் பற்றியும் ஒன்று: பிரசவித்து மூன்று மணித்தியாலத்துக்குள் ஒரு கிராம் என்பது எல்லோருக்கும் பாடம். ஆனால் ஒவ்வொரு கால்மணித்தியாலத் தாமதத்துக்கும் அதன் பலன் ஏறத்தாழப் பத்து வீதம் குறைகிறது என்பது பலருக்கு மனதில் நிற்பதில்லை. உங்கள் கடிதத்தில் அந்த மருந்தின் பெயரே இல்லை. கொடுக்கப்பட்டதா, எப்போது கொடுக்கப்பட்டது என்று பாருங்கள்.

குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒக்சிரோசின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டிய மருந்து. சித்திரை வெயிலில், மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில், தண்ணீர்ப் போத்தலுக்கும் யோகட்டுக்கும் நாளுக்கு நாற்பது தரம் திறபடும் பெட்டியில் அது மருந்தாக இருக்குமா தண்ணீராக இருக்குமா தெரியாது. "ஊசி போட்டும் இறுகேல்லை" என்று மீளாய்வில் யாரும் சொன்னால், வெப்பப் பதிவேட்டைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையின் முகமும் சிவக்காது.

உங்களுக்கு நோயாளர்களை அனுப்பும் பிரதேச வைத்தியசாலைகளையும் மறக்கவேண்டாம். வன்னியில் தூரம் ஒரு நோய் மாதிரித்தான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35, மாங்குளத்திலிருந்து போகும் ஏ-34, இரண்டிலும் இரவில் யானை குறுக்கே நிற்கும். மாரியில் உள் வீதிகள் குளமாகிவிடும். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் எப்படிக் கிடந்தன என்று உங்கள் விடுதியின் மூத்த மருத்துவமாதுக்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தச் சின்ன வைத்தியசாலைகளில் தனியாக நிற்கும் வைத்திய அதிகாரி, தாயை வண்டியில் ஏற்றிய பிறகு உங்களுக்குச் சொல்வதற்கும், ஏற்றுவதற்கு முன் சொல்வதற்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது. உங்கள் தொலைபேசி இலக்கம் அவர்களிடமும் இருக்கட்டும். அவர்களுக்கும் அதே விலைதான்.

இனி மீளாய்வு.

தாய் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதில் எங்கள் நாட்டுக்கு நல்ல பெயர் உண்டு. 1930களில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு இது. இன்றைக்கு அந்த எண் முப்பதை அண்டி நிற்கிறது. இலவச மருத்துவமும், வீட்டு வாசலுக்கு வரும் குடும்பநல மாதுவும் முக்கிய காரணம். 1980களிலிருந்து, குடும்ப சுகாதாரப் பணியகத்தின் ஊடாக, நடந்த ஒவ்வொரு மரணத்தையும் களத்திலும் வைத்தியசாலையிலும் விசாரித்துப் பாடம் எடுக்கும் வழக்கமும் ஒரு காரணம். அந்த ஏற்பாட்டின் அடிப்படை, பெயரும் பழியும் இல்லாமல் பேசுவது. எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. நாற்காலிகள் போட்டு உட்கார்ந்ததும் அது நீதிமன்றமாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் கேள்வி "யார் டியூட்டி?" என்று வந்தால் அதற்குப் பிறகு வரும் விடைகள் எல்லாம் தற்காப்பு வாக்குமூலங்கள்தான். பதிவேட்டில் நேரங்கள் திருந்தும். மருத்துவமாது ஒன்றும் காணாதவராகிவிடுவார்.

நீங்கள் முதலில் பேசுங்கள். உங்களைப் பற்றிப் பேசுங்கள். "இரவு அழைப்புகளை நான் குறைத்திருந்தேன், அது இந்தத் தாமதத்தில் பங்கெடுத்திருக்கலாம்" என்று மேசையில் வைத்தால், மற்றவர்கள் தங்கள் பகுதியைத் தாங்களே எடுத்து வைப்பார்கள். இது பணிவு காட்டும் வித்தை இல்லை; உண்மையான நேர வரிசை வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்துத் தவறுகளை எண்ணியபோது, நல்ல தலைமை உள்ள விடுதிகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கூடுதலாக இருந்தன. அங்கே உள்ளவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் விடுதியில் பதிவாகும் இரத்தப்பெருக்கு கூடினால் பணிப்பாளர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். இப்போதே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

பழியில்லாமல் பேசுவது என்றால் பொறுப்பே இல்லையென்று அர்த்தமில்லை. சுவரில் எண்கள் வந்த பிறகும், நீங்கள் நல்ல முகத்தோடு ஓடிப்போன பிறகும், ஒருவர் அளக்காமல், அழைக்காமல், கடமை அறையில் படுத்திருந்தால் அதைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்திலும் கேட்கத்தான் வேண்டும். அந்த நேரம் நீங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் விடுதி உடையாது. தங்களுக்கு நடந்த அநியாயமும் இன்னொருவருக்கு நடந்த நியாயமும் பிள்ளைகளுக்கு நன்றாக வித்தியாசம் தெரியும். எல்லோர் முன்னாலும் கேட்பதுதான் கூடாது. அதற்கு ஆதாரமும் உண்டு: 2015இல் இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைக் குழுக்கள் 24ஐ ஒத்திகையில் வைத்து, சிலருக்கு மட்டும் வெளியாள் ஒருவர் இளக்காரமாகப் பேசும்படி செய்தார்கள். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடித்ததும், கைவேலை செய்ததும் இரண்டுமே பின்தங்கின. ஏச்சு வாங்கியவரின் மனம் நோகிறது என்பது மட்டுமல்ல, அடுத்த கட்டிலில் கிடக்கிற நோயாளிக்கும் நட்டம்.

இப்போது அந்தப் பிள்ளை. கூட்டம் அடுத்த கிழமை. இது அதற்கு முன் நடக்கவேண்டும், நாளைக்கே நடந்தாலும் நல்லது. விடுதியில் எல்லோர் முன்னும் கேட்டதை விடுதியில் எல்லோர் முன்னும்தான் திருத்த வேண்டும். அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லும் மன்னிப்பு உங்கள் கௌரவத்தைத்தான் காப்பாற்றும். பிறகு தனியாக உட்கார்ந்து அந்த இரவை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, அவருக்கு எது வருமோ அதில். நடுவில் திருத்த வேண்டாம், "ஆனால்" போட வேண்டாம். அவர் ஒழுங்காகச் செய்தவற்றை நேரத்தோடு சொல்லுங்கள், அவருக்கு அவை ஒன்றும் ஞாபகத்தில் இருக்காது. அல்பேர்ட் வூ என்ற வைத்தியர் 2000ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில், தன்னோடு பயின்ற ஒருவர் ஈ.சி.ஜி. ஒன்றைத் தவறவிட்டபோது மற்றவர்கள் எல்லோரும் அவரைக் குற்றவாளியாகத் தீர்த்துவிட்டதையும், தானும் அதே பிழையை விட்டிருக்கலாம் என்று மனதுக்குள் நினைத்தபடி இருந்ததையும் சொல்லியிருக்கிறார். உங்கள் மற்ற வைத்திய அதிகாரி இடமாற்றம் கேட்பதை அதோடு சேர்த்துப் பாருங்கள். அவருக்கு அந்த வேலை பயமில்லை. அடுத்த குற்றவாளி தானாகிவிடலாம் என்பதுதான் பயம்.

நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாரா, உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. வருகிறது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், துண்டு எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டாம். சில நாள் லீவு கேட்டால் கொடுங்கள். ஆனால் பிரசவ அறைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டாம். எடுத்தால் தீர்ப்பு எழுதியாயிற்று என்றுதான் விடுதி வாசிக்கும். திரும்பி வரும் முதல் இரவுக் கடமையில் நீங்கள் விடுதியிலேயே இருங்கள்.

உறவினர்களிடம் அவரைத் தனியாக அனுப்பவே கூடாது. பணிப்பாளருக்குச் சொல்லிவிட்டு நீங்களும், அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியும், அந்தத் தாயைக் கர்ப்பகாலம் முழுக்கப் பார்த்த குடும்பநல மாதுவும் போய் அவர்களைச் சந்திக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் வரை வீடு கொதித்துக்கொண்டிருக்கும், அதனால் நாளைக் குடும்பநல மாதுவிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். என்ன நடந்தது என்பதைத் தமிழில், வைத்தியச் சொற்கள் இல்லாமல், நீங்கள் சொல்ல வேண்டும். மீளாய்வு நடக்கிறது, அதில் தெரிய வருவதை அவர்களுக்கும் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். அவர்களின் கோபத்தில் பாதி, அன்று காலை வாசலில் நின்றவர்களிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசாததாக இருக்கும்.

"பாஷை தெரியாத டொக்டர்" என்ற பதிவுக்கு யாரும் முகநூலில் பதில் எழுத வேண்டாம், அந்தப் பிள்ளையின் நண்பர்களும் சேர்த்து. ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு விடுதிக்குள் ஒரு பதில் தேவை. எங்கள் பக்கத்துச் சனம் வைத்தியசாலையில் பாஷை தெரியாமல் நின்ற காலத்தை மறக்கவில்லை. அதை இனவாதம் என்று தள்ளிவிட்டுப் போக முடியாது. அதே நேரம், ஊரை விட்டு வந்து உங்கள் தாய்மாருக்கு இரவில் கண் விழிக்கும் ஒரு பிள்ளையை அந்தப் பழைய கணக்குக்குப் பலி கொடுக்கவும் முடியாது. தமிழ் தெரியாத வைத்தியர் கடமையில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் தமிழ் தெரிந்த ஒருவர் பிரசவ அறையில் பெயர் குறித்து இருக்க வேண்டும், "யாராவது இருப்பினம்" என்று விடக்கூடாது. அந்தத் தாய் "தலை சுத்துது, கண் இருளுது" என்று அன்றிரவு சொன்னாரா, சொன்னால் யார் கேட்டார்கள் என்றும் மீளாய்வில் பாருங்கள்.

மருத்துவமாதுக்களையும் சிற்றூழியர்களையும் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த அறையைக் கழுவியவர் யார்? உங்கள் விடுதியில் ஐம்பதைத் தாண்டிய சிலர் 2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிரசவம் பார்த்தவர்களாக இருப்பார்கள். அவர்களிடம் அதைப் பற்றி எந்த நிபுணரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார். ஒவ்வொரு இரத்தப்பெருக்கும் அவர்களுக்கு வேறு எதையோ கிளப்பும். ஆலோசனை வகுப்பு ஒன்றும் வைக்க வேண்டாம். அந்த ஒத்திகை முடிந்தபின் தேத்தண்ணியோடு அரைமணித்தியாலம் இருந்து அவர்கள் பேசுவதைக் கேட்டால் பல விசயம் தெரியவரும். பெட்டி எங்கே இருக்கவேண்டும் என்பதுகூட அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

கடைசியாக நீங்கள். தனி நிபுணர் ஒருவர் எல்லா அழைப்புக்கும் நல்ல முகத்தோடு எழும்ப வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, அது உடம்பால் எவ்வளவு நாளுக்கு முடியும் என்று சொல்லாமல் விடுவது அநியாயம். முடியாது. அயல் மாவட்ட நிபுணர்களோடு மாறி மாறி வார இறுதியை மூடிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பணிப்பாளர் மூலம் எழுத்தில் கேளுங்கள், மீளாய்வின் பரிந்துரைகளில் முதலாவதாக அது இருக்கட்டும். இன்னொரு நிபுணர் பதவிக்கும் அதே கூட்டத்தில் கோரிக்கை எழுதுங்கள், ஒரு மரணத்தின் பின்னர்தான் மேலிடம் அந்தக் கோப்பைத் திறக்கும். கஷ்டமான சத்திரசிகிச்சைக்கு நடுவில் நீங்கள் அழைப்பதற்கு யார் இருக்கிறார்கள் என்றும் யோசியுங்கள். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மூத்தவர் ஒருவரின் இலக்கம் தியேட்டர் சுவரில் இருக்கட்டும், நீங்கள் அதை அழைப்பதை உங்கள் பிள்ளைகள் காணட்டும்.

அந்தப் பிள்ளை இவ்வளவுக்குப் பிறகும் வெளிநாடு போகத்தான் நினைக்கலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் போனார்கள், எல்லோரையும் நிபுணர்களின் குரல் துரத்தவில்லை, சம்பளமும் துரத்தியது. பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்தால் முகத்தைத் திருப்பாமல், அந்த இரவில் அவர் செய்தவற்றையும் சேர்த்து, உள்ளதை உள்ளபடி நன்றாக எழுதிக் கொடுங்கள். மற்றவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், இடமாற்றக் கடிதத்தை அவர் இன்னும் கையில்தான் வைத்திருக்கிறார்.